வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல்: மாஸ்க்கை யார் போடுவது, எதைப் போடுவது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 73. சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருக்கிறது, சுகரும் உண்டு. தினமும் இன்ஹேலர் எடுக்கிறார். மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சளி, காய்ச்சலோடுதான் வருகிறாள். போன முறை அது அப்பாவுக்கும் தொற்றி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த முறை வீட்டில் மாஸ்க் போடலாம் என்றேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "வைரஸ் மாஸ்க் ஓட்டையைவிடப் பொடிசு. கொசுவலை கட்டித் தூசியைத் தடுக்க முடியுமா? மாஸ்க் வீண் என்று ஆராய்ச்சியிலேயே வந்துவிட்டது" என்கிறான். அப்பாவோ, "மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது, எங்க காலத்துல யார் இதைப் போட்டா?" என்கிறார். இரண்டு படுக்கையறை உள்ள சின்ன வீடு. தம்பியின் 3 வயதுக் குழந்தையும் அடிக்கடி வந்துபோகும். மாஸ்க் உண்மையிலேயே உதவுமா? யார் போட வேண்டும், எந்த மாஸ்க், எத்தனை நாள்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்:

உதவும். உங்கள் வீட்டு நிலைமையில் கட்டாயம் போடுங்கள் என்றே சொல்வேன். எவ்வளவு உதவும் என்பது, அது யார் முகத்தில் இருக்கிறது, ஓரங்களில் எவ்வளவு இடைவெளி விடுகிறது, எந்த நேரத்தில் கழற்றப்படுகிறது என்பதையெல்லாம் பொறுத்தது. பல வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. நோயில்லாத முதியவருக்கு மாஸ்க் மாட்டிவிட்டு, இருமுகிறவர் வெறும் முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். உங்கள் வீட்டில் முதலில் மாஸ்க் போட வேண்டியவர் மகள். அப்பாவின் முறை கடைசியில்தான் வருகிறது.

தம்பியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நன்கு படித்தவர்களும் இதைக் கேட்கிறார்கள். கொரோனா வைரஸின் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஃப்ளூ வைரஸும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மாஸ்க்கின் நார்களுக்கு இடையிலுள்ள சந்துகள் அதைவிடப் பெரியவை. இதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. நாம் மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நீர்த்துகள்களுக்குள் சளி, உப்பு, புரதத்தோடு கலந்தே அது வெளியே வருகிறது. அந்தத் துகள்கள் ஒரு மைக்ரானுக்குக் கீழே தொடங்கி நூறு மைக்ரானுக்கு மேல் வரை பல அளவுகளில் இருக்கும்.

அடுத்தது, மாஸ்க் வடிகட்டும் விதம். கொசுவலை ஓர் அடுக்குக் கண்ணி. கண்ணியைவிடச் சிறியது நுழைந்துவிடும், அவ்வளவுதான். சர்ஜிக்கல் மாஸ்க்கிலும் என்-95 மாஸ்க்கிலும் நடுவில் இருக்கும் மெல்ட்ப்ளோன் அடுக்கு வேறு மாதிரி. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி இழுத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நார்களாகக் குறுக்கும் நெடுக்கும் படிய வைத்திருப்பார்கள். மூச்சுக்காற்று அந்த நார்களைச் சுற்றி வளைந்து வளைந்து போக வேண்டும். ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட துகளால் அந்த வேகத்தில் வளைய முடியாது. நேரே போய் நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும். 0.1 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகளைக் காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அது கோணல்மாணலாக அலையும். அந்த அலைச்சலில் ஏதாவது ஒரு நாரைத் தொட்டுவிடும். தொட்டது மீள்வதில்லை. பிடிக்கச் சிரமமானது இரண்டுக்கும் இடைப்பட்ட, 0.3 மைக்ரானை ஒட்டிய அளவுதான். என்-95க்குச் சான்று கொடுக்கும்போது வேண்டுமென்றே அந்த அளவு உப்புத்துகளை நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றோட்டத்தில் செலுத்தி, குறைந்தது 95 சதவீதம் தடுக்கப்படுகிறதா என்று பார்க்கிறார்கள். அதைவிடச் சின்னதும் பெரியதும் அதற்குமேல் எளிதாகச் சிக்கும்.

இந்த நார்களில் நிலைமின்னேற்றமும் ஏற்றப்பட்டிருக்கும். துகள்களை இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மாஸ்க்கைச் சோப்பில் துவைத்தாலோ அதன்மேல் சானிடைசர் அடித்தாலோ அந்த மின்னேற்றம் போய்விடும். பார்ப்பதற்குப் புதிதுபோலவே இருக்கும். வடிகட்டும் திறன் மட்டும் விழுந்துவிட்டிருக்கும். "துவைத்துத்தான் போடுகிறோம், சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர்களுக்குத் தெரியாமல் நடக்கும் நஷ்டம் இது.

ஆக, ஓட்டையைத் துணியில் தேடக்கூடாது, ஓரத்தில் தேட வேண்டும். சர்ஜிக்கல் மாஸ்க் பெட்டியில் 'பி.எஃப்.இ. 98%', அதாவது பாக்டீரியா வடிகட்டும் திறன் 98 சதவீதம், என்று போட்டிருப்பார்கள். சராசரியாக 3 மைக்ரான் அளவுள்ள, பாக்டீரியா கலந்த துளிகளைத் துணியின் வழியாக மட்டும் செலுத்திப் பார்த்த கணக்கு அது. முகத்தில் மாட்டியதும் கதை மாறிவிடுகிறது. கன்னத்தின் இரு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், காற்று அடர்த்தியான துணி வழியாகப் போகாமல் எளிதான அந்த வழியில்தான் போய்வரும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது உடனே தெரியும்: மாஸ்க் போட்டதும் கண்ணாடி பனிபடர்ந்தால் மூக்குத்தண்டின் இரு பக்கமும் காற்று கசிகிறது என்று அர்த்தம்.

"ஆராய்ச்சியிலேயே வந்துவிட்டது" என்பதற்கு வருகிறேன். தம்பி சொல்வது அனேகமாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பாய்வாக இருக்கும். மாஸ்க், கைகழுவுதல் போன்றவற்றைச் சோதித்த 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது அது. பொதுமக்களிடம் மாஸ்க்கை ஊக்குவித்ததால் பெரிய வித்தியாசம் தென்படவில்லை என்ற வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'மாஸ்க் வேலை செய்யாது' என்று உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். அப்படிப் பொருள்கொள்வது தவறு, முடிவு தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதே சரி என்று காக்ரேன் தலைமை ஆசிரியரே அதே ஆண்டு மார்ச்சில் விளக்கம் கொடுத்தார். அந்த ஆய்வுகளில் பல, "மாஸ்க் போடுங்கள்" என்று சொல்லப்பட்டவர்களையும் சொல்லப்படாதவர்களையும் ஒப்பிட்டவை. சொல்லப்பட்டவர்கள் எல்லாரும் போட்டார்களா என்பது வேறு கேள்வி.

டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த ஆய்வைப் பாருங்கள். மாஸ்க் போடச் சொன்ன குழுவில் 1.8 சதவீதத்தினருக்கும், சொல்லாத குழுவில் 2.1 சதவீதத்தினருக்கும் கொரோனா வந்தது. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் சொன்னபடி முழுமையாக மாஸ்க் போட்டவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. வெளியே போகும்போது மட்டும்தான் போட்டார்கள், வீட்டுக்குள் இல்லை. மாஸ்க் போட்டவர் தப்பித்தாரா என்பதைத்தான் அளந்தார்களே தவிர, நோயுள்ளவர் போட்டதால் பக்கத்தில் இருந்தவர் தப்பித்தாரா என்பதை அளக்கவே இல்லை. உங்கள் வீட்டுக்குத் தேவையான கேள்வி அந்த இரண்டாவது கேள்விதான்.

பங்களாதேஷில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வு இதைவிடப் பெரியது. இலவசமாக மாஸ்க் கொடுத்து, நினைவூட்டி, ஊர்ப் பெரியவர்களை முன்மாதிரியாகப் போட வைத்தும், மாஸ்க் போடுவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகத்தான் உயர்ந்தார்கள். பாதிப்பேர்கூடப் போடாத நிலையிலும், சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு கூடிய கொரோனா சுமார் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் குறைவு இன்னும் அதிகம், சுமார் 35 சதவீதம். துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் இப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. நார்வேயில் 2023இல் நடந்து, 2024இல் வெளியான ஆய்வில், வெளியிடங்களில் இரண்டு வாரம் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டவர்களில் 8.9 சதவீதத்தினரும், போடாதவர்களில் 12.2 சதவீதத்தினரும் தங்களுக்குச் சளி, காய்ச்சல் அறிகுறி வந்ததாகச் சொன்னார்கள். பலன் மிதமானதுதான். இல்லவே இல்லை என்று சொல்லத்தான் ஆதாரம் இல்லை.

நோயாளி மாஸ்க் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்முன் காட்டிய ஆய்வு ஒன்று தென்னாப்பிரிக்காவில் நடந்தது. கிருமி அங்கே வைரஸ் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். அதுவும் காற்றில் பரவுவதுதான். காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாக இரண்டு கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றிலும் 90 கினிப்பன்றிகள். நோயாளிகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டார்கள். மாஸ்க் போட்ட நாளின் காற்று ஒரு கூடத்துக்கும், போடாத நாளின் காற்று மற்றதற்கும் போனது. மாஸ்க் இல்லாத காற்றைச் சுவாசித்தவற்றில் 69 விலங்குகளுக்குத் தொற்று. மாஸ்க் போட்ட நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 36. இருமுகிற வாயிலிருந்து வரும் துளி ஈரத்தோடு பெரிதாக இருக்கும்போதே தடுப்பது சுலபம். அது காற்றில் உலர்ந்து சுருங்கி அறை முழுக்கப் பரவிய பிறகு இன்னொருவர் மூக்கருகில் தடுப்பது கஷ்டம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

மகள் ஹாஸ்டலில் கிளம்பும்போதே தொண்டை கரகரப்பு, தும்மல், உடம்புவலி இருக்கிறதா என்று போனில் கேளுங்கள். இருந்தால் பஸ்ஸிலிருந்தே மாஸ்க் போடச் சொல்லுங்கள். ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். முதல் மூன்று நான்கு நாட்களில்தான் வீரியம் அதிகம். ஹாங்காங்கில் ஃப்ளூ நோயாளிகள் இருந்த வீடுகளில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் மாஸ்க்கும் கைகழுவுதலும் ஆரம்பித்த வீடுகளில்தான் மற்றவர்களுக்குத் தொற்றுவது குறைந்தது. தாமதமாகத் தொடங்கிய வீடுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. "காய்ச்சல் ஏறட்டும், பார்க்கலாம்" என்று ஒரு நாள் காத்திருந்தால் அதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். நல்ல உடம்போடு வந்தாலும், ஏசி பஸ்ஸில் வந்திருந்தால் முதல் நான்கு நாள் தாத்தாவோடு ஒரே சோபாவில் நெருங்கி உட்கார வேண்டாம்.

மகளுக்கு மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போதும். நிறமுள்ள பக்கம் வெளியே, வெள்ளைப் பக்கம் உள்ளே, கம்பி மேலே. மடிப்புகளைத் தாடைக்குக் கீழ்வரை இழுத்துவிட வேண்டும். பக்கவாட்டில் வாய் திறந்து நின்றால் இப்படிச் செய்யுங்கள்: மாஸ்க்கை நீளவாக்கில் இரண்டாக மடித்து, காது வார் இரண்டையும் துணியின் ஓரத்தை ஒட்டி ஒவ்வொரு முடிச்சாகப் போடுங்கள். பிரித்தால் முடிச்சுக்குப் பக்கத்தில் சின்னப் பைபோல ஒரு இடைவெளி இருக்கும். அதை உள்பக்கமாக மடித்துச் சொருகிவிட்டு மாட்டுங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பொம்மைத் தலைகளை வைத்துச் சோதித்தபோது, சாதாரணமாக மாட்டிய சர்ஜிக்கல் மாஸ்க் இருமல் துகள்களில் பாதி அளவையே தடுத்தது. இப்படி முடிச்சிட்டு மடித்தது முக்கால் பங்கைத் தடுத்தது. செலவு ஒன்றும் இல்லாத வேலை. ஈரமானால் உடனே மாற்றுங்கள். தொடர்ந்து இருமுகிறவருக்கு ஒரு நாளைக்கு நான்கு மாஸ்க்வரை ஆகும். 50 உள்ள ஒரு பெட்டி ஒரு முறைக்குத் தாராளம்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, உடம்பும் தேறத் தொடங்கும்வரை அவள் தனி அறையில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் 5 நாள், தாத்தா இருக்கும் அறைக்குள் போனால் மாஸ்க். தூங்கும்போது போட வேண்டியதில்லை. சாப்பிடும்போது போட முடியாது. அதனால்தான் சாப்பாடு தனியாக, அவளுடைய அறையில். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ராத்திரி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அரை மணி நேரத்தில் கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர். போன் பேசும்போது மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிடுவதும் அப்படித்தான். பேச்சில், அதுவும் சத்தமான பேச்சில், வெறும் மூச்சைவிடத் துகள்கள் அதிகம் வெளிவரும்.

சாப்பாடு, மருந்து கொடுக்க அறைக்குள் போகிறவர் ஒருவராகவே இருக்கட்டும். அவருக்கு என்-95 வேண்டும். அவரே அப்பாவையும் கவனிக்கிறவராக இல்லாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாட்டும் முறை இது. கையைக் கழுவிவிட்டு மாஸ்க்கை உள்ளங்கையில் ஏந்தி, தாடையிலிருந்து மேலேற்றி முகத்தில் பொருத்துங்கள். மேல் வாரை உச்சந்தலைக்குப் பின்னாலும், கீழ் வாரைக் காதுக்குக் கீழே பிடரியிலும் இழுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் தாடைப்பக்கம் தூக்கிக்கொள்ளும். மூக்குக் கம்பியை இரண்டு கையின் விரல்நுனிகளாலும் நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடிந்து, அதன் இரு பக்கமும் சந்து விழும். பிறகு இரு கைகளாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு பலமாக மூச்சை வெளியே விடுங்கள். கண்ணிலோ கன்னத்திலோ காற்று பட்டால் பொருந்தவில்லை. உள்ளே இழுத்தால் மாஸ்க் லேசாக முகத்தோடு ஒட்ட வேண்டும். நீங்கள்தான் அறைக்குள் போவதென்றால், தாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் மயிர்கூட ஓரத்தில் கசிவு உண்டாக்கும். மாஸ்க்குக்குள் அடங்கும் மீசையால் பிரச்சினை இல்லை. கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல் கீழ் வார் முதலில், மேல் வார் பிறகு. உடனே கைகழுவுங்கள்.

வாங்கும்போது கவனம் தேவை. காதில் மாட்டுகிற வார் உள்ள 'என்-95' கடைகளில் குவிந்து கிடக்கிறது. என்-95 என்ற பெயருக்குச் சான்று தரும் அமெரிக்க நியோஷ் நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றவை தலைக்குப் பின்னால் போகும் வார் கொண்டவை. மாஸ்க்கிலேயே டிசி-84ஏ என்று தொடங்கும் எண் அச்சாகியிருக்கும். நம் நாட்டுத் தரச்சான்று என்றால் ஐ.எஸ். 9473 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரையும், எஃப்.எஃப்.பி.-2 என்ற வகையும் இருக்கிறதா என்று பாருங்கள். சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு ஐ.எஸ். 16289. முன்னால் வட்டமான வால்வு வைத்தது வேண்டவே வேண்டாம். உள்ளே இழுக்கும் காற்றுதான் அதில் வடிகட்டப்படும். வெளியே விடும் காற்று வால்வு வழியாக அப்படியே போகும். நோயாளி அதைப் போட்டால் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையிலேயே இதை எச்சரித்தது. சர்ஜிக்கல் மாஸ்க் பெட்டி புதிதாக வாங்கினால் ஒன்றை எடுத்துக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள். தனித்தனியாக மூன்று அடுக்கு பிரிய வேண்டும். நடு அடுக்கு வெள்ளையாக, வழவழவென்று, வெளிச்சத்தில் பிடித்தால் சீராக இருக்கும். கிழித்த காகிதத் துணுக்குகளுக்கு அருகே கொண்டுபோனால் மின்னேற்றத்தால் அவை ஒட்டிக்கொள்ளும். இரண்டே அடுக்கு வந்தால், அல்லது மூன்றும் ஒரே மாதிரி மொறமொறத் துணியாக இருந்தால், அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாஸ்க்கின் வெளிப்பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சாமல் முத்துமுத்தாக நிற்க வேண்டும்.

என்-95ஐத் திரும்பப் பயன்படுத்தலாம். அறைக்குள் போகிறவருக்கு ஐந்து வாங்கி, ஐந்து காகித உறைகளில் கிழமை எழுதி வையுங்கள். திங்கட்கிழமை போட்டது மறுபடி முகத்துக்கு வர ஐந்து நாளாவது ஆக வேண்டும். அதற்குள் அதிலுள்ள வைரஸ் செயலிழந்துவிடும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தங்கும். ஒவ்வொன்றையும் ஐந்து தடவைக்கு மேல் போடாதீர்கள். வார் தளர்ந்தால், ஓரம் நைந்தால் அதற்கு முன்பே எறியுங்கள். துவைப்பது, இஸ்திரி போடுவது, ஸ்பிரிட் தெளிப்பது எதுவும் கூடாது. மகள் போட்ட சர்ஜிக்கல் மாஸ்க்கைத் துண்டாக வெட்டி, மூடிய உறையில் மூன்று நாள் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்; தூய்மைப் பணியாளர் கையில் அது புதிதாகப் போய்ச் சேரக்கூடாது.

அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்பதை அலட்சியப்படுத்தாதீர்கள். சர்ஜிக்கல் மாஸ்க் ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைத்துவிடாது, ஆனால் சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு முகத்தில் வெப்பமும் ஈரமும் சேரும்போது வரும் திணறல் உண்மையானது. என்-95 மூச்சிழுக்கத் தடை அதிகமுள்ளது. சமதளத்தில் நூறு மீட்டர் நடந்தாலே நின்று மூச்சு வாங்க வேண்டியிருப்பவர் என்றால், டாக்டரைக் கேட்காமல் அவருக்கு அதை மாட்டாதீர்கள். நாள் முழுக்க அவர் மாஸ்க்கோடு இருக்கவும் வேண்டாம். காய்ச்சல்காரர் இருக்கும் அறைக்குள் அவர் போகாமல் பார்த்துக்கொள்வதே அவருக்கான பாதுகாப்பு. பாத்ரூம் பொதுவானது என்றால், மகள் பயன்படுத்திய பிறகு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு அரை மணி கழித்து அவர் போகட்டும். தவிர்க்க முடியாமல் ஒரே காரில் டாக்டரிடம் போவது போன்ற நேரங்களில் மட்டும் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டால் போதும். அப்போதும் மகள் மாஸ்க்கோடு, கார் கண்ணாடி இறக்கி, ஏசி இல்லாமல். மூச்சு முட்டுகிறது என்றால் கழற்றிவிடட்டும், வற்புறுத்தாதீர்கள்.

"எங்க காலத்துல யார் போட்டா?" என்று அவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: 1910–11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த வூ லியன் தே என்ற மருத்துவர், நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டு, பஞ்சும் மெல்லிய துணியும் வைத்துக் கட்டும் மாஸ்க்கைக் கொண்டுவந்தார். அதை ஏற்காமல் வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்த மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் சில நாட்களிலேயே பிளேக்கில் இறந்தார். அப்பா பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது.

மாஸ்க்குக்கு இணையாகக் காற்றோட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஓர் உணவகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குக் கொரோனா வந்தது. வெளிக்காற்று வராத மூலையில் ஏசி ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருந்தது. நம் வீட்டு ஸ்ப்ளிட் ஏசியும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. சீலிங் ஃபேன் கலக்கிவிடும், வெளியேற்றாது. மகளுக்கு அட்டாச்டு பாத்ரூம் உள்ள அறையைக் கொடுங்கள். அந்த பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை நாள் முழுக்க ஓடவிட்டு, பாத்ரூம் கதவைத் திறந்தும், அறைக்கதவைச் சாத்தியும் வையுங்கள். அப்படி அறை இல்லையென்றால், ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்தபடி வையுங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்த வேண்டாம். அந்தப் புகை அப்பாவுக்கு ஆகாது. டிஷ்யூ பேப்பரில் விரலகலக் கீற்று கிழித்து, ஹாலில் நின்று அறைக்கதவின் கீழ்ச்சந்தில் பிடியுங்கள். கீற்று அறைக்குள் இழுபட்டால் சரி. ஹால் பக்கம் பறந்தால் நோயாளியின் காற்று வீட்டுக்குள் வருகிறது. ஃபேனின் திசையை மாற்றுங்கள், அல்லது ஹால் ஜன்னலை இன்னும் திறந்துவிடுங்கள்.

தம்பி குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம். ஐந்து வயதுக்குள் பரிந்துரைப்பதில்லை. இரண்டு வயதுக்குள் என்றால் மூச்சடைக்கும் ஆபத்தே உண்டு. அந்த ஒரு வாரம் குழந்தை வராமல் இருப்பதுதான் நல்லது. குழந்தைக்குச் சளி இருக்கும்போது தாத்தா மடியில் உட்கார வைப்பதும் வேண்டாம் என்று தம்பியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுகிறீர்களா? கேள்வியில் அதைச் சொல்லவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் போடுங்கள். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். ஃப்ளூவுக்குப் பின்னால் வரும் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசியையும் டாக்டரிடம் கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால், வீட்டில் இன்னார்க்கு ஃப்ளூ என்று சொல்லி அன்றே டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதை நீங்களாக வாங்கிக் கொடுக்கக்கூடாது. ஆக்சிமீட்டர் இருந்தால், அவர் நலமாக இருக்கும் ஒரு நாளில் ரத்த ஆக்சிஜன் அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள், சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்குச் சாதாரண அளவே மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கலாம். அந்த வழக்கமான அளவிலிருந்து இறங்கினாலோ, வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி அளவு கூடினாலோ, பேச்சில் குழப்பம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.